‘அவிங்க ரத்தமே அப்படி’: ஒரு பொய்யும் அதற்குள் இருக்கும் ஓர் உண்மையும்

கோம்பையில் ஒரு துக்க வீடு. யாரென்று அடையாளம் தெரிந்துவிடக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றியிருக்கிறோம். இறந்தவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பையன். சில வருடங்களுக்கு முன்னால் அவன் அப்பாவும் தன் உயிரைத் தானே மாய்த்துக்கொண்டவர். நாங்கள் போய் இறங்கியபோது டீக்கடையில் நின்ற ஊர்த்தெருக்காரர் ஒருவர் சொன்னார்: “இவன் அப்பனும் இப்படித்தான போனான். அவிங்க ரத்தமே அப்படித்தாண்ணே.”

பந்தலுக்குள் வந்து உட்கார்ந்தோம். எங்கள் பெரியவர் ஒருவரே அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொன்னார். அதில் கேலி இல்லை, கையாலாகாத துக்கம்தான் இருந்தது. இறந்தவனின் தம்பி, பத்தாம் வகுப்பு படிப்பவன், தண்ணீர்க் குடத்தைத் தூக்கிக்கொண்டு அந்த வழியாகப் போனான். அவன் காதில் அது விழுந்ததை நாங்கள் பார்த்தோம்.

அந்தத் தம்பிக்காகத்தான் இதை எழுதுகிறோம். ‘ரத்தத்திலேயே இருக்கிறது’ என்ற பேச்சுக்கு இதுவரை நாம் கோபத்தால் மட்டுமே பதில் சொல்லி வந்திருக்கிறோம். அந்தப் பேச்சு ஒரு பொய். அதற்குள் ஓர் உண்மையும் ஒளிந்திருக்கிறது. பொய்யை உடைக்கவேண்டும், உண்மையைக் கையில் எடுக்கவேண்டும். இரண்டில் எதைத் தவறவிட்டாலும் இழப்பு நம் பிள்ளைகளுக்குத்தான்.

பழைய வழக்கு

கோம்பை என்றதும் வெளியூர்க்காரர்களுக்கு நினைவுக்கு வருவது நாய். கோம்பை நாய்க்குட்டி வாங்க வருகிறவர் தாயைப் பார்ப்பார், தகப்பனைப் பார்ப்பார், அப்புறம்தான் விலை பேசுவார். வம்சம் பார்த்து வளர்க்கும் பழக்கம் உள்ள ஊரில் ‘ரத்தம் சொல்லும்’ என்ற நம்பிக்கை நாயோடு நிற்பதில்லை. மனிதர்களின் மேலும் அதைச் சுமத்திவிடுகிறார்கள். ஆனால் நாய் வளர்ப்பவரிடமே கேட்டுப் பாருங்கள். நல்ல வம்சத்துக் குட்டியைப் பிறந்ததிலிருந்து கட்டிப்போட்டு, பட்டினி போட்டு, அடித்து வளர்த்தால் அது என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். நாய்க்குத் தெரிந்த இந்த நியாயம் சேரிப் பிள்ளைக்கு வரும்போது மட்டும் மறந்துபோகிறது.

இந்தப் பேச்சை இந்த வட்டாரம் வேறு வடிவத்தில் ஏற்கெனவே பார்த்திருக்கிறது. 1871-இல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த குற்றப் பரம்பரைச் சட்டம், 1911-இல் சென்னை மாகாணத்துக்கும் வந்தது. ஒரு சமூகத்தில் பிறந்த ஒவ்வொருவரும் பிறப்பாலேயே குற்றவாளி என்றது அந்தச் சட்டம். பெயரிலேயே ‘பரம்பரை’ இருக்கிறது. கைரேகை வைக்க மறுத்த பெருங்காமநல்லூர் மக்கள் மீது 1920 ஏப்ரல் 3-ஆம் தேதி போலீஸ் துப்பாக்கிச் சூடு நடத்தியது. 1947-இல் சென்னை மாகாணத்தில் அந்தச் சட்டம் ஒழிந்தது. அதற்குப் பிறகு அந்த மக்களின் ரத்தத்தில் இருந்த ‘குற்றம்’ எங்கே போனது? ரத்தத்தில் எதுவும் இருந்ததில்லை. வறுமையும் ஒடுக்குமுறையும் இருந்தன. அவற்றுக்கு அரசு ரத்தம் என்று பெயர் வைத்தது. அந்தச் சட்டத்தில் சிக்கிய கள்ளர் சமூகத்தின் பேரப்பிள்ளைகளில் சிலர் இன்று எங்களைப் பார்த்து ‘அவிங்க ரத்தம்’ என்கிறார்கள். தங்கள் தாத்தாவின் கைரேகையை அவர்கள் மறக்கக் கூடாது.

அண்ணல் அம்பேத்கர் 1936-இல் ‘சாதி ஒழிப்பு’ உரையில் இந்த வாதத்தை நேருக்கு நேர் எடுத்துக்கொண்டார். இனத் தூய்மையைக் காக்க, மேம்பட்ட மரபைக் காக்கத்தான் சாதி என்று அன்றைய படித்தவர்கள் சொன்னார்கள். பஞ்சாப் பிராமணரும் பஞ்சாபின் தீண்டப்படாதவரும் ஒரே இனவழி, சென்னைப் பிராமணரும் சென்னைப் பறையரும் ஒரே இனவழி என்று காட்டி அவர் அதை உடைத்தார். ‘ரத்தம்’ என்ற சொல் நம் மீது வரும்போதெல்லாம் அதன் பின்னால் இந்த நீண்ட வழக்கு நிற்கிறது. அதனால்தான் நமக்குக் கோபம் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானது.

அறிவியல் சொல்வது என்ன

கோபம் நியாயமாக இருந்தாலும், தற்கொலைக்கும் பரம்பரைக்கும் சம்பந்தமே இல்லை என்று நாம் சொன்னால் அது தவறு.

டென்மார்க்கில் தத்துக் கொடுக்கப்பட்ட குழந்தைகளின் பதிவேடுகளை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 1979-இல் வெளிவந்தது. தத்துப் பிள்ளைகளாக வளர்ந்து தற்கொலையால் இறந்த 57 பேரை எடுத்தார்கள். அவர்களைப் பெற்ற வழியில் ரத்த உறவினர் 269 பேர். அந்த உறவினர்களில் 12 பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். ஒப்பிடுவதற்கு எடுத்த மற்றத் தத்துப் பிள்ளைகளின் ரத்த உறவினர் 269 பேரில் 2 பேர்தான். வளர்த்த குடும்பத்தாரில் இரு பக்கமும் ஒருவரும் இல்லை. சேர்ந்து வாழாத உறவிலும் ஆபத்து தொடர்கிறது என்றால் மரபுக்குப் பங்கு இருக்கிறது என்றுதான் பொருள். இரட்டையர் ஆய்வுகள் அந்தப் பங்கை 30 முதல் 55 சதவிகிதம் என்று மதிப்பிடுகின்றன.

இங்கே இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். முதலாவது, அந்த 269 பேரில் 257 பேர் அப்படி இறக்கவில்லை. ‘ரத்தம்’ விதி என்றால் அவர்கள் எப்படித் தப்பித்தார்கள்? இரண்டாவது, ‘தற்கொலை ஜீன்’ என்று ஒன்று இல்லவே இல்லை. 2022-இல் வெளிவந்த பெரிய மரபணு ஆய்வு ஒன்று, தற்கொலைக்கு முயன்ற சுமார் 30 ஆயிரம் பேரின் மரபணுக்களை ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட மற்றவர்களோடு ஒப்பிட்டது. அது பார்த்த மரபணு வேறுபாடுகள் அனைத்தையும் சேர்த்து விளக்க முடிந்தது சுமார் 7 சதவிகிதம்தான். ஆயிரக்கணக்கான மரபணுக்கள், ஒவ்வொன்றும் ஒரு துளி. அதுவும் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துச் செய்த கணக்கு.

அப்புறம் அந்த ‘30 முதல் 55 சதவிகிதம்’. ஒருவருடைய சாவுக்குப் பாதிக் காரணம் ரத்தம், பாதிக் காரணம் ஊர் என்று அதைப் படிக்கக் கூடாது. ஒரே மாதிரிச் சூழலில் வாழும் மக்களுக்குள் ஆளுக்கு ஆள் ஏன் வேறுபாடு என்பதைப் பற்றிய கணக்கு அது. ஒரு சமூகத்துக்கும் இன்னொரு சமூகத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பற்றி அது ஒன்றும் சொல்லாது.

நம் பள்ளத்தாக்கு உதாரணம் ஒன்று. பன்னீர் திராட்சையை விதை போட்டு வளர்ப்பதில்லை, குச்சி வெட்டி நடுகிறோம். ஒரே கொடியின் குச்சி என்றால் மரபணுவும் ஒன்றுதான். அதை முல்லைப் பெரியாற்றுத் தண்ணீர் பாயும் தோட்டத்தில் பாதியும், கிணறு வற்றிப்போன தோட்டத்தில் பாதியும் நட்டுப் பாருங்கள். ஒன்று காய்க்கும், இன்னொன்று காயும். வற்றிய தோட்டத்துக் கொடியைக் காட்டி ‘அந்தக் குச்சியே அப்படி’ என்பவரை எந்த விவசாயியும் மதிக்கமாட்டார். சேரியைக் காட்டி அதைச் சொல்பவரை மட்டும் நாம் ஏன் பொறுத்துக்கொள்ள வேண்டும்?

இன்னும் இரண்டு சான்றுகள் போதும். வேலூர் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை நடந்த இறப்புகளை வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் வீடு வீடாக விசாரித்தார்கள். 10 முதல் 19 வயதுக்குள் தற்கொலையால் இறந்தவர்கள், லட்சத்துக்கு ஆண்கள் 58, பெண்கள் 148. அக்காவும் தம்பியும் ஒரே தாய் தகப்பனின் பிள்ளைகள். ரத்தம் ஒன்று, சாவு மட்டும் இரண்டரை மடங்கு. மேலை நாடுகள் பலவற்றில் இது தலைகீழ், ஆண்கள்தான் அதிகம் இறக்கிறார்கள். ஆகவே பெண் உடம்பில் ஏதோ இருக்கிறது என்றும் சொல்ல முடியாது. பெண்ணாக இந்த ஊரில் வளர்வதில்தான் ஏதோ இருக்கிறது.

இலங்கை இன்னொரு சான்று. 1995-இல் அங்கே தற்கொலை விகிதம் உச்சத்தில் இருந்தது. கொடிய நச்சுள்ள பூச்சிமருந்துகளை அரசு படிப்படியாகத் தடை செய்தது. அடுத்த இருபது ஆண்டுகளில் விகிதம் சுமார் 70 சதவிகிதம் குறைந்தது. இருபது ஆண்டில் ஒரு தேசத்தின் மரபணு மாறாது. மாறியதில் முக்கியமானது சட்டம்.

தொட்டிலில் தொடங்கும் சாதி

மரபும் சூழலும் தனித்தனிப் பெட்டிகளில் இருப்பவை அல்ல என்பதுதான் கடந்த இருபது ஆண்டு அறிவியலின் செய்தி. மான்ட்ரியலில் மைக்கேல் மீனி குழுவினர் எலிகளை வைத்து ஆராய்ந்தார்கள். பிறந்த முதல் வாரத்தில் தாய் எலி நன்றாக நக்கி வளர்த்த குஞ்சு, வளர்ந்தபின் பயத்தைத் தாங்கிக்கொண்டது. கவனிப்பு கிடைக்காத குஞ்சு சின்னச் சத்தத்துக்கும் நடுங்கியது. கவனிக்காத தாய்க்குப் பிறந்த குஞ்சை, கவனிக்கும் தாயிடம் விட்டபோது அது திடமாக வளர்ந்தது. மன அழுத்தத்தின்போது சுரக்கும் ஹார்மோனை அடக்கிவைக்கும் மரபணுவின் மேல், வளர்ப்பு ஒரு வேதிக் குறியை ஒட்டிவிடுகிறது. மரபணு மாறவில்லை, அது வேலை செய்யும் அளவு மாறியது.

அதே நகரத்தில் 2009-இல் 36 மனித மூளைகளை ஆராய்ந்தார்கள். சிறுவயதில் கொடுமைக்கு ஆளாகித் தற்கொலையால் இறந்த 12 பேர், கொடுமைக்கு ஆளாகாமல் தற்கொலையால் இறந்த 12 பேர், வேறு காரணத்தால் இறந்த 12 பேர். அந்த வேதிக் குறி முதல் பிரிவினரிடம்தான் அதிகமாக இருந்தது. சிறிய எண்ணிக்கைதான். ஆனால் அது காட்டும் திசை பெரிய ஆய்வுகளோடு ஒத்துப்போகிறது. அமெரிக்காவின் சான் டியேகோவில் 17 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களிடம் நடத்திய ஆய்வு 2001-இல் வந்தது. அடி, வசை, பாலியல் கொடுமை, வீட்டில் குடி, அம்மா அடிவாங்குவதைப் பார்ப்பது போன்ற அனுபவங்களில் எந்த ஒன்றும், பிற்காலத்தில் தற்கொலைக்கு முயலும் ஆபத்தை 2 முதல் 5 மடங்கு உயர்த்தியது. ஏழு அல்லது அதற்கு மேல் சேர்ந்தபோது முப்பது மடங்கைத் தாண்டியது.

அந்தக் கேள்வித்தாளில் சாதி இல்லை. நம் பிள்ளைகளுக்காக எழுதினால் என்னென்ன சேர்க்கவேண்டும்? வகுப்பில் உன்னை மட்டும் கூட்டச் சொன்னார்களா? உன் அப்பாவை உன் வயதுப் பையன் ‘டேய்’ என்று கூப்பிட்டதைப் பார்த்தாயா? உதவித்தொகைப் படிவத்துக்காக வகுப்பில் எழுந்து நிற்கச் சொன்னார்களா? கையில் கட்டிய கயிற்றின் நிறத்தைப் பார்த்து யார் யாரோடு பேசலாம் என்று முடிவானதா? இது மிகை என்றால், 2023 நாங்குநேரியை நினைத்துப் பாருங்கள். அதற்குப் பின் அமைந்த நீதியரசர் சந்துரு ஒருநபர்க் குழு 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. சாதிக் கயிறு கூடாது, பள்ளிகளின் பெயரில் சாதி கூடாது என்றது. கள்ளர் சீரமைப்புப் பள்ளி, ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்று பலகையிலேயே பிள்ளையைப் பிரிக்கும் மாவட்டம் நம்முடையது.

அதற்கும் முன்னால் தொட்டில் இருக்கிறது. கோம்பை, தேவாரம், கம்பம், போடி என்று எந்த ஊரிலும் விடிவதற்கு முன் எஸ்டேட் ஜீப் வந்து நிற்கும். ஏலத்தோட்டத்துக்குப் போகும் பெண்கள் நெருக்கியடித்து ஏறி, மலை தாண்டி இடுக்கிக்குப் போய், பொழுது சாயும்போது திரும்புவார்கள். கைப்பிள்ளை பாட்டியிடமோ ஆறு வயது அக்காவிடமோ இருக்கும். பால்வாடி திறப்பதற்குப் பல மணி நேரம் முன்பே ஜீப் போய்விடும். ஜீப் திரும்புவதற்கு முன்பே பால்வாடி மூடிவிடும். 50 பெண் தொழிலாளர்களோ 20 குழந்தைகளோ இருந்தால் குழந்தைக் காப்பகம் வேண்டும் என்று 1951-ஆம் ஆண்டுத் தோட்டத் தொழிலாளர் சட்டம் சொன்னது. தோட்டம் கேரளத்தில், குழந்தை தமிழ்நாட்டில் என்றால் அந்தக் காப்பகத்தால் யாருக்குப் பயன்?

இதைப் படித்துவிட்டு ‘தாய்மார்கள் கவனிப்பதில்லை’ என்று யாராவது கிளம்பினால், அவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறோம். குஞ்சை விட்டுவிட்டு எந்தத் தாயும் விருப்பப்பட்டு மலையேறுவதில்லை. நிலம் இல்லாததால் ஏறுகிறாள். நிலம் ஏன் இல்லை என்ற கேள்விக்குப் பதில் மரபணுவில் இல்லை, பட்டாவில் இருக்கிறது.

சமூகவியல் படித்தவர்களுக்கு எமில் துர்கெய்ம் தெரிந்திருக்கும். 1897-இல் தற்கொலையைப் பற்றி அவர் எழுதிய நூல் இனத்தையும் பரம்பரையையும் காரணமாக ஏற்க மறுத்தது. எதிர்காலத்தின் எல்லாக் கதவும் அடைக்கப்பட்டவர்களின் தற்கொலை என்று ஒரு வகையை அவர் குறிப்பிட்டார். அடிமைகளை உதாரணமாகச் சொன்னார். ஆனால் அதற்கு அவர் கொடுத்த இடம் ஓர் அடிக்குறிப்பு. நம் பிள்ளைகள் அந்த அடிக்குறிப்பில்தான் வாழ்கிறார்கள். இந்தியாவில் 2022-இல் தற்கொலையால் இறந்தவர்கள் 1,70,924 பேர்; தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர். நாடு முழுதும் இறந்தவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் தினக்கூலி. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வயது, படிப்பு, தொழில், திருமணம் எல்லாவற்றுக்கும் அட்டவணை போடுகிறது. சாதிக்கு அட்டவணை இல்லை. எண்ணாததை யாரும் கேள்வி கேட்க முடியாதல்லவா?

நம் பக்கத்துத் தவறு

இனி நமக்குள் பேசவேண்டியது. 2016-இல் ரோகித் வெமுலாவை இழந்தபிறகு ‘நிறுவனப் படுகொலை’ என்ற சொல்லை நாம் கற்றுக்கொண்டோம். பொறுப்பேற்க வேண்டியவர்களைத் தப்பவிடாத சொல் அது; அதைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் அந்தச் சொல்லைச் சுவரொட்டியில் அடித்து ஒட்டியபின் நாம் வீட்டுக்குப் போய்விடுகிறோம். போராட்டம் முடிகிறது, வழக்கு இழுக்கிறது, பதினாறாம் நாள் காரியம் முடிந்ததும் வாசலில் செருப்புகள் குறைகின்றன. உள்ளே ஒரு தம்பியோ தங்கையோ இருக்கிறார்கள்.

ஒரே வீட்டில் இரண்டாவது சாவு நிகழும் ஆபத்து அதிகம் என்று டென்மார்க்கின் பதிவேடு சொன்னதை, ‘பரம்பரை என்று பேசினால் சாதி வசை ஆகிவிடும்’ என்று நாம் தள்ளிவைத்தோம். சர்க்கரை நோய் உள்ள வீட்டில் பிள்ளைக்கும் ரத்தம் சோதிக்கச் சொல்கிறோம். அதை யாரும் அவமானமாக எடுப்பதில்லை. இதையும் அப்படித்தான் எடுக்கவேண்டும். குடும்பத்தில் ஒரு தற்கொலை நடந்திருப்பது, அந்த வீட்டை இன்னும் கூடுதலாகக் கவனிக்கவேண்டும் என்பதற்கான எச்சரிக்கை. வேறெந்தத் தீர்ப்பும் அதில் இல்லை.

இன்னொன்று, இறந்தவரைத் தியாகியாக்கும் நம் பழக்கம். பெரிய பிளெக்ஸ், வீரவணக்கம், கடைசிக் கடிதத்தை வரிவரியாகப் பகிர்வது. அதே வலியில் இருக்கும் இன்னொரு மாணவன் அதைப் பார்க்கிறான். உயிரோடு இருந்தபோது தன்னை யாரும் பார்க்கவில்லை, செத்தால் பார்ப்பார்கள் என்று அவனுக்குத் தோன்ற நாம் காரணமாகக் கூடாது. நீதி கேளுங்கள், பெயரைச் சொல்லுங்கள். சாவை அழகாக்காதீர்கள்.

செய்யவேண்டியவை

அரசிடம் கேட்பவை: ஜீப் புறப்படும் நேரத்துக்குத் திறந்து, திரும்பும் நேரத்துக்கு மூடும் குழந்தைக் காப்பகம், மலையடிவார ஊர்கள் எல்லாவற்றிலும் வேண்டும். சந்துரு குழுவின் பரிந்துரைகள் நம் மாவட்டப் பள்ளிகளில் நடைமுறைக்கு வரவேண்டும். தற்கொலைப் புள்ளிவிவரத்தில் சாதி அட்டவணை வேண்டும். 2017-ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 115-ஆம் பிரிவு, தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதவேண்டும், தண்டிக்கக் கூடாது, அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசின் கடமை என்கிறது. க.விலக்கு மருத்துவக் கல்லூரி வரை கோம்பைக்காரர் போவதற்கு ஒரு நாள் கூலி போய்விடும். மாவட்ட மனநலத் திட்டத்தின் மருத்துவர் உத்தமபாளையம் வட்டாரத்து ஊர்களுக்கு, கூலி இழக்காத நேரத்தில் வரவேண்டும்.

நாம் செய்யவேண்டியவை: ஒரு வீட்டில் இப்படி ஒரு சாவு நடந்தால், குறைந்தது ஓராண்டுக்கு மாதம் ஒருமுறை அந்த வீட்டுக்கு இருவர் போகவேண்டும். யார் போவது என்பதைப் பந்தலிலேயே முடிவு செய்யுங்கள். தம்பி, தங்கை, பிள்ளைகளிடம் தனியாக உட்கார்ந்து, ‘செத்துடலாம்னு எப்பவாவது தோணுதாடா?’ என்று நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்பதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. கேட்டவுடன் பலருக்கு மூச்சு விட முடிகிறது. ‘ஆமா’ என்றால் அறிவுரை சொல்லாதீர்கள். கூடவே இருங்கள், ஆபத்தானவற்றை அவன் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்துங்கள், மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். வீட்டுக்குள் பிள்ளையை அடிக்கும் அப்பா நம் இயக்கத் தோழராக இருந்தாலும் கையைப் பிடியுங்கள். ஊரின் சாதியை எதிர்த்துப் பேசிவிட்டு, வீட்டில் பெல்ட்டைக் கழற்றினால் அந்தக் குறியும் பிள்ளையின் உடம்பில்தான் விழும்.

அந்தத் தம்பியை நாங்கள் மறுவாரம் போய்ப் பார்த்தோம். நிறைய நேரம் பேசவில்லை. கடைசியில் அவனே கேட்டான்: “எனக்கும் வருமாண்ணே?” வராது என்று பொய் சொல்லவில்லை. “உங்க வீட்டுல நடந்ததால நீ கொஞ்சம் கூடுதலா கவனமா இருக்கணும். ஆனா எதுவும் எழுதி வைக்கல. ராத்திரி எத்தனை மணின்னாலும் கூப்பிடு” என்றோம். எங்கள் மூன்று பேரின் நம்பரையும் அவன் கணக்கு நோட்டின் பின்பக்கம் எழுதிக்கொண்டான். இரண்டு முறை கூப்பிட்டிருக்கிறான். ஒருமுறை நள்ளிரவுக்குப் பிறகு.

இதைப் படிக்கும் உங்களுக்கே அப்படித் தோன்றினால், இப்போதே யாரிடமாவது சொல்லுங்கள். டெலிமனஸ் 14416, தமிழ்நாடு அரசின் 104, சென்னை சினேகா 044-24640050 ஆகிய எண்களில் தமிழில் பேசலாம். டெலிமனஸும் 104-உம் நாள் முழுதும் எடுப்பார்கள். உயிரோடு இருந்து சண்டை போடும் நீங்கள்தான் எங்களுக்கு வேண்டும்.

ஜெய் பீம்.